தயாளன் போயிருக்கிறான்

கோவளம்
12.2.1991

அன்புள்ள ஜெயக்கொடி,

தம்பியைப் பற்றிய மனுவை உன் பெயரில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தாம்பரம் தாலுகா ஆபீஸ் வாசலில் டைப் அடிக்கிறவர்களில் ஒருவரிடம் கொடுத்து நகல்கள் எடுத்து, ஒன்றை டெல்லிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. குவைத்தில் இருந்த நம் தூதரகம் இப்போது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. டெல்லிக்காரர்கள் பார்த்து அனுப்புவார்கள் என்று மாதா கோயில் பங்குச் சாமியார் சொன்னார்.

ஒன்று மட்டும் கவனமாகக் கேள். என் ஆங்கிலத்தை டைப் அடிக்கிறவர் திருத்தக் கூடாது. முதல் வரி இப்படி இருக்கிறது: "My husband Dhayalan has gone to Kuwait." என் கணவர் தயாளன் குவைத்துக்குப் போயிருக்கிறார். has gone என்பதை went என்று மாற்றப் பார்ப்பார்கள். இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். ஒன்றல்ல. went என்றால் போனார். அதோடு விஷயம் முடிந்தது, படிக்கிற குமாஸ்தா அடுத்த காகிதத்தை எடுத்துவிடுவான். has gone என்றால் போனவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், திரும்பவில்லை, வீட்டில் அவர் இடம் காலியாக இருக்கிறது. இத்தனையும் அந்த இரண்டு வார்த்தைக்குள் இருக்கிறது.

முதலில் 1989 ஜனவரியில் என்று போட்டுத்தான் எழுதினேன். தேதி வந்துவிட்டால் went என்றுதான் எழுத வேண்டும், அது இலக்கணம். அதனால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, தேதி இல்லாமல் எழுதினேன்.

வகுப்பில் இத்தனை வருஷமும் has gone என்பதற்குப் 'போய்விட்டான்' என்று தமிழ் சொல்லிக்கொடுத்தேன். போன ஆகஸ்டில் சண்டை தொடங்கி, அவனிடமிருந்து கடிதம் நின்ற பிறகு, 'போயிருக்கிறான்' என்று மாற்றிக்கொண்டேன். பிள்ளைகள் யாரும் கவனிக்கவில்லை.

ரேடியோவில் எங்கே குண்டு விழுந்தது என்று சொல்கிறார்கள். வெல்டிங் வேலைக்குப் போனவன் பெயரை யார் சொல்லப் போகிறார்கள்? அமலிக்கு என் முத்தம்.

பேபி


பீர்க்கன்கரணை
3.3.1991

மரியாதைக்குரிய அண்ணிக்கு ஜெயக்கொடி எழுதுவது.

மனு போய்விட்டது. ஆனால் நீங்கள் சொன்னபடி போகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டைப் அடிக்கிறவர் படித்துப் பார்த்து, "எப்ப போனாருன்னு தேதி இல்லியேம்மா. தேதி இல்லாத மனு ஃபைல்ல ஏறாது, தூக்கிப் போட்ருவாங்க" என்றார். 1989 ஜனவரி என்று அவரே சேர்த்தார். சேர்த்ததும் நீங்கள் பயந்த மாதிரியே went என்று ஆகிவிட்டது. நான் வேண்டாம் என்றேன். "இஸ்கூல் பாடமா எழுதறோம்? ஆளு கெடைக்கணுமா வேணாமா?" என்று கேட்டார். அமலி இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். சரி அடியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு செய்தி. குவைத்தில் அவரோடு ஒரே அறையில் இருந்த தனசிங் நேற்று வீட்டுக்கு வந்தான். அக்டோபரிலேயே ஜோர்டான் வழியாக ஊருக்கு வந்துவிட்டானாம். நம்மைப் பார்க்க இத்தனை நாள் தைரியம் வரவில்லை என்றான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பஸ்ஸு கெளம்பிகினு இருந்திச்சுக்கா. எல்லாரும் ஏறிட்டோம். அண்ணன் பாஸ்போர்ட்டு மட்டும் மொதலாளி வூட்ல மாட்டிக்கிச்சு. 'நீ ஏறு, எனக்கு எடம் போட்டு வை, தோ வந்துடறேன்'னு எறங்கினாரு. எடம் போட்டு வெச்சேன்கா. என் பையத்தான் வெச்சேன். டிரைவர் நிக்கல. அங்க யாரு யாருக்காக நிப்பாங்க, சொல்லு."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நான் அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

அந்த முதலாளியின் பெயர், வீட்டு விலாசம் உங்களுக்கு வந்த கடிதங்களில் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு எழுதினால் உடம்பைப் பார்த்துக்கொள், பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று நாலு வரி. உங்களுக்குத்தான் பக்கம் பக்கமாக எழுதுவார்.

ஜெயக்கொடி


கோவளம்
9.3.1991

ஜெயக்கொடி,

முதலாளியின் பெயரும் தெருவும் ஒரு கடிதத்தில் இருக்கின்றன. தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். டெல்லிக்கு இன்னொரு மனுவாக நானே அனுப்பிவிட்டேன்.

தேதிதான் வேண்டுமென்றால் அதைத் தனி வாக்கியமாகப் போட்டிருக்கலாம். வேலை ஒப்பந்தம் 1989 ஜனவரியில் தொடங்கியது. அது நடந்து முடிந்த விஷயம், அதற்கு went வகைதான் சரி. அவர் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை என்பது அடுத்த வாக்கியம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேளம்பாக்கத்தில் பஸ் மாறினால் என் வீடு.

அவன் மனைவி கையெழுத்துப் போட்டு, அவன் போனான் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். இனி அவர்கள் ஏன் தேட வேண்டும்?

தனசிங் மறுபடி வந்தால் இங்கே அனுப்பு. தம்பி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்க வேண்டும்.

பேபி


பீர்க்கன்கரணை
14.8.1994

அண்ணிக்கு,

கோபத்தில்தான் எழுதுகிறேன். கோபம் ஆறட்டும் என்று ஒரு வாரம் பார்த்தேன், ஆறவில்லை.

அமலி பள்ளிக்கூடத்தில் 'என் அப்பா' என்று ஒரு கட்டுரை எழுதினாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன தெரியும்? "My father has been to Kuwait" என்று எழுதியிருந்தாள். மிஸ் அதற்கு ஒரு டிக் போட்டு, Good என்று எழுதி, கை தட்டவும் சொன்னாராம். அதைத்தான் ஜூலை மாதம் கார்மேல் மாதா திருவிழாவுக்குக் கோவளம் வந்தபோது உங்களிடம் ஆசையாகக் காட்டினாள். நீங்கள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மீன் குழம்பு ஊற்றிச் சாப்பாடு போட்டீர்கள். பஸ் ஏற்றிவிட்டீர்கள்.

பிறகு அவள் பெயருக்கே ஒரு கடிதம் போட்டீர்கள். has been என்றால் போய்விட்டுத் திரும்பி வந்தவன், உன் அப்பா திரும்பவில்லை, ஆகவே நீ எழுதியது பொய், has gone என்று பத்து முறை எழுதி அனுப்பு என்று.

அந்தக் கடிதம் வந்த அன்று என்ன நடந்தது தெரியுமா? போஸ்ட்மேன் கேட் அருகே நின்று, "அமலிங்கறது யாரும்மா, லெட்டர் வந்துகீது" என்று கூப்பிட்டார். அவள் பெயருக்கு அதுவரை ஒரு கடிதம் வந்ததில்லை. சோற்றுக் கையோடு ஓடினாள். "அப்பா எழுதியிருக்காரும்மா" என்று தெருவில் இருந்தே கத்தினாள். பக்கத்து வீட்டிலெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். நானும் ஓடினேன் அண்ணி. அதையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஓடினேன்.

பத்து முறை அவள் எழுத மாட்டாள். நான் எழுத விட மாட்டேன்.

தூதரகத்திலிருந்து இரண்டாவது பதிலும் வந்தது. நீங்கள் கொடுத்த விலாசத்தில் இப்போது யாரும் இல்லையாம். ஆஸ்பத்திரி, சிறை, எந்தப் பதிவிலும் அவர் பெயர் இல்லையாம். பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயக்கொடி


கோவளம்
2.9.1994

ஜெயக்கொடி,

குழந்தை அப்படி நினைப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் உன் பெயருக்கே அனுப்பியிருப்பேன். ஆனால் திருத்தாமல் இருந்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன். அவன் போய்வந்தவன் என்று அவன் மகளே எழுதிவைப்பதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

தயாளனுக்கு என்னிடம் அடி விழுந்ததெல்லாம் ஆங்கிலத்துக்காகத்தான். "I have went" என்றுதான் எழுதுவான். எத்தனை முறை சொன்னாலும் அப்படியே எழுதுவான். எட்டாவதோடு நிறுத்திவிட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனான். அன்றைக்கு நான் விட்டுக்கொடுத்தேன்.

இதையும் எழுத வேண்டியிருக்கிறது. தாம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோகிற பாலாம்பாள் நேற்று வீட்டுக்கு வந்தாள். "இன்னா டீச்சர், உங்க தம்பி பொஞ்சாதி சானடோரியம் கேட்டாண்ட யாரோ ஒருத்தர் மொபெட்டு பின்னால போய்கினு இருந்திச்சே, சொந்தக்காரரா?" என்று கேட்டாள். ஆமாம், சொந்தக்காரர் என்று சொல்லி அனுப்பினேன்.

நீ வேலைக்குப் போவதை நான் தப்பு சொன்னதில்லை. ஏற்றுமதி வளாகத்துத் தையல் கம்பெனியில் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் வேலை செய்வார்கள், தெரியும். ஆனால் நீ ஒருவருடைய மனைவி. மனைவியாக இருந்தவள் அல்ல.

பேபி


பீர்க்கன்கரணை
6.9.1994

அண்ணி,

அவர் பெயர் ஏசுபாதம். எங்கள் கம்பெனியில் தையல் மிஷின் மெக்கானிக். மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டாள், ஒரு பையன் இருக்கிறான். போன ஐப்பசியில் முதல் தடவை அவரோடு வந்த அன்று மழை. ஏரி நிரம்பி ரோட்டில் தண்ணீர். பஸ் இல்லை. கூட்டிக்கொண்டு வந்து தெருமுனையில் விட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் சில நாள் வந்தேன். மழை இல்லாத நாளிலும் வந்தேன். பாலாம்பாளிடம் இதையும் சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அவர் போயிருக்கிறார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாலு வருஷமாகக் கதவு தட்டினால் நெஞ்சு அடைக்கிறது. பால்காரன் தட்டினாலும் அடைக்கிறது. நீங்கள் அந்த ஊரில் பாடம் நடத்துகிறீர்கள், ஜெபமாலை சொல்கிறீர்கள், தம்பிக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று ஊரே உங்களை மதிக்கிறது. எனக்குக் காத்திருப்பது மட்டும்தான். மதிப்பு இல்லை.

இனி எழுதாதீர்கள். நானும் எழுத மாட்டேன்.

ஜெயக்கொடி


பீர்க்கன்கரணை
21.9.1997

அண்ணி அவர்களுக்கு,

மூன்று வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன்.

அமலி ஆறாவது படிக்கிறாள். உயரம் உங்கள் குடும்பத்து உயரம். பள்ளிக்கூடப் பாரத்தில் அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்' போடவா வேண்டாமா என்று ஒவ்வொரு ஜூனிலும் கேட்கிறாள். போன வருஷம் வரை வேண்டாம் என்றேன். இந்த வருஷம் அவள் கேட்கவில்லை. என்ன எழுதினாள் என்று நானும் கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஏசுபாதம் என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்கிறார். இன்று நேற்றல்ல, ரொம்ப நாளாகச் சொல்கிறார். பெருங்களத்தூர் கோயில் சாமியாரிடம் கேட்டோம். புருஷன் இறந்ததற்குக் கோர்ட் தீர்ப்பு இருந்தால் ஆயரிடம் எழுதிப் பார்க்கலாம் என்றார். செங்கல்பட்டில் வக்கீல் வைத்திருக்கிறோம். ஏழு வருஷம் தகவல் இல்லை என்றால் இறந்தவராக எடுத்துக்கொள்ளச் சட்டம் இருக்கிறதாம். ஆனால் அது மனைவி சொன்னால் மட்டும் போதாதாம். கூடப் பிறந்தவர்கள் சொல்ல வேண்டும். அவருக்குக் கூடப் பிறந்தது நீங்கள் ஒருவர்தான்.

வக்கீல் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பிழை இருக்கிறதா பாருங்கள். ஏழு வருஷமாக உங்களுக்குத் தகவல் இல்லை என்ற இடத்தில் "has not been heard of" என்று இருக்கிறது. அது உங்கள் has தான் என்று எனக்கே தெரிந்தது. சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறதாம், வக்கீல் மாற்றக் கூடாது என்றார். சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். பிறகு ஒரு நாள் கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டியிருக்கும்.

எனக்கு முப்பத்து நாலு வயது அண்ணி.

ஜெயக்கொடி


கோவளம்
5.10.1997

ஜெயக்கொடி,

பத்திரத்தைப் படித்தேன். ஆங்கிலத்தில் பிழை இல்லை.

கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். காரணம் சொல்லாவிட்டால் பிடிவாதக்காரி என்பாய். சொன்னாலும் சொல்வாய். இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதபோது தயாளனுக்கு ஏழு வயது. மூன்றாம் நாள் உடல் கரையில் ஒதுங்கியது. முகம் இல்லை, இடுப்புக் கயிற்றை வைத்து அம்மா அடையாளம் சொன்னாள். கல்லில் தேதி வெட்டினோம். அதன் பிறகு அப்பாவைப் பற்றி எதை எழுதினாலும் சிம்பிள் பாஸ்ட்தான், எனக்கு யோசிக்க வேண்டியிருந்ததில்லை. தம்பி விஷயத்தில் எனக்கு அந்தக் கயிறுகூடக் கிடைக்கவில்லை.

உன் வக்கீலின் வாக்கியத்தை மறுபடி படித்துப் பார். உயிரோடு இருந்தால் யாருக்கு இயல்பாகத் தகவல் வந்திருக்குமோ அவர்களுக்கு வரவில்லை என்கிறது. அந்த 'யாருக்கு' நான்தான். நீயே ஒரு முறை எழுதினாய், எனக்குத்தான் பக்கம் பக்கமாக எழுதுவான் என்று. உண்மை. குழாய்த் தண்ணீர் என்ன ருசி என்பது வரை எனக்கு எழுதினான். ஆகவே இந்தக் காகிதம் என்னைக் கேட்பது இதுதான். அவன் இறந்துவிட்டானா? அல்லது எங்கோ உயிரோடு இருந்துகொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, தூங்கிக்கொண்டு, அக்காவுக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று தோன்றாமல் இருக்கிறானா? மூன்றாவது பதில் ஒன்று இருக்கும் என்று எவ்வளவோ யோசித்தேன். இல்லை.

எழுதாதவனாகவே இருக்கட்டும். நம்மை மறந்தவனாக இருக்கட்டும். வேறு பெயர் வைத்துக்கொண்டு வேறு ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறவனாகக்கூட இருக்கட்டும். உனக்கு இதைப் படிக்க எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நான் அவனைச் சாகடிக்க மாட்டேன்.

பேபி


பீர்க்கன்கரணை
25.1.1998

அண்ணிக்கு,

இனி கையெழுத்து வேண்டாம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஏசுபாதத்தின் பையனுக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் மஞ்சள் காமாலை. பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் இல்லை. நான் லீவு போட்டுப் போயிருக்கலாம். எந்த முறையில் போய் அந்த வீட்டில் உட்காருவது? அவருடைய அக்கா ஊரிலிருந்து வந்தாள். பையன் எழுந்து உட்கார்ந்ததும் ஒரு பெண்ணையும் பார்த்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண மந்திரிப்பு நடந்தது.

அவர் என்னிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் செய்தார். கேன்டீன் பின்னால் நின்றோம். "இன்னும் எத்தினி நாள்னு யாராவது சொன்னா நின்னுகினு இருப்பேன் ஜெயக்கொடி. யாரும் சொல்ல மாட்றாங்களே" என்றார். எனக்கும் தெரியாதே.

கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி வக்கீலிடம் இந்த வாரம் சொல்லப் போகிறேன். அவர் போயிருக்கிறார். நீங்கள் சொன்னபடியே இருக்கட்டும். நீங்களும் நானும் இருக்கிற வரை போயிருக்கட்டும். எனக்கு இனி அதில் சண்டை இல்லை.

அமலி நன்றாக இருக்கிறாள். எங்கள் வீட்டில் படுத்தவுடன் தூங்குகிறவள் அவள் ஒருத்திதான்.

ஜெயக்கொடி


கோவளம்
17.4.1998

அன்புள்ள ஜெயக்கொடி,

நேற்றுச் செங்கல்பட்டு கோர்ட்டில் சாட்சி சொல்லிவிட்டு வந்தேன்.

உன் ஜனவரிக் கடிதம் வந்த மறுநாளே வக்கீலுக்குக் கார்டு போட்டேன், வாபஸ் வாங்க வேண்டாம், அக்கா வந்து சொல்வாள் என்று. நீ வந்து கேட்டால் சரி என்று மட்டும் சொல்லுங்கள், உன்னிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். நான் கடைசி நேரத்தில் வராமல் போய்விட்டால் உனக்கு இன்னொரு ஏமாற்றம் வேண்டாமே என்று.

ஏன் மனம் மாறினீர்கள் என்று கேட்பாய். நீ சண்டை போட்டுக்கொண்டிருந்த வரை எனக்குப் பலமாக இருந்தது. நீ இல்லை என்பாய், நான் இருக்கிறான் என்பேன். நீ சரி, இருக்கட்டும் என்று எழுதியதும் வீட்டில் உட்கார முடியவில்லை. எனக்கு எதிரே யாரும் இல்லை. நான் பிடித்துக்கொண்டிருந்தது என்ன என்று அப்போதுதான் பார்த்தேன். நீயும் அந்த மனிதரும் அந்தப் பையனும்தான் என் கையில் மாட்டியிருந்தீர்கள். தம்பி இல்லை.

திருப்போரூர் போய்ப் பஸ் மாறினேன். பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். சாட்சியம் வழக்கமாகத் தமிழில்தான் எழுதுவார்களாம். இந்த நீதிபதி நாம் தமிழில் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் சொல்கிறார், பக்கத்தில் ஒருவர் டைப் அடிக்கிறார். இளவயதுதான். மரியாதையாகப் பேசினார்.

"தம்பிகிட்டேருந்து கடைசியா எப்பம்மா லெட்டர் வந்தது?"

"தொண்ணூறு ஜூலைல சார்."

"அதுக்கப்புறம்?"

"வரலை."

"வேற யார் மூலமாவது தகவல்?"

"கூட இருந்த பையன் பஸ் ஏறினதைச் சொன்னான். அதுக்கப்புறம் வரலை சார்."

"அவரும் வரலை?"

வக்கீல் தொண்டையைக் கனைத்தார்.

"அவனும் வரலை" என்றேன்.

நீதிபதி திரும்பி, "He did not come back" என்றார். டைப் அடித்தார்கள். தாளை என்னிடம் கொடுத்து, "டீச்சர்னு போட்டிருக்கே, படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க. தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கலாம்" என்றார்.

தப்பு இருந்தது. வரவில்லை என்று தமிழில் சொன்னால் ஆங்கிலத்தில் அதை இரண்டு விதமாக எழுத வேண்டும். has not come back என்றால் இதுவரை வரவில்லை. did not come back என்றால் வரவேயில்லை, இனி பேச்சும் இல்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது. எட்டு வருஷமாக நான் அந்தச் சொல்லுக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறேன். நான் சொன்னது முதலாவது. அவர் எழுதியது இரண்டாவது. பேனா என் கையில் இருந்தது. எத்தனை பிள்ளைகளுக்கு இந்த ஒரு பிழையைச் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

"சரியா இருக்காம்மா?"

"சரியா இருக்கு சார்."

கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

உனக்கு இனி இது எதற்கும் பயன்படாது என்று தெரியும். நாலு மாதம் முன்னால் போட்டிருந்தால் பயன்பட்டிருக்கும். நான் செய்தது சரிதானா என்று மட்டும் ஒரு வரி எழுது.

பேபி


பீர்க்கன்கரணை
28.6.1998

அன்புள்ள அண்ணி,

தீர்ப்பு நகல் வந்துவிட்டது. வக்கீல் குமாஸ்தா கம்பெனி கேட்டுக்கே வந்து கொடுத்தார். அன்றைக்குத்தான் ஏசுபாதம் புது மனைவியை முதல் தடவையாகக் கம்பெனிக்கு அழைத்துக்கொண்டு வந்து எல்லாத் தையல் லைனுக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னிடமும் கொடுத்தாள். நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள், சிரித்த முகம். ஒரு கையில் லட்டு, ஒரு கையில் தீர்ப்பு. இரண்டையும் சாப்பாட்டுக் கூடையில் வைத்துவிட்டு, மிச்சம் இருந்த காலர்களைத் தைத்து முடித்தேன்.

நீங்கள் செய்தது சரியா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு மாதமாக யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை அண்ணி. உங்கள் மேல் கோபம் இல்லை. அன்பும் பழையபடி வரவில்லை. இப்போது கதவு தட்டினால் நெஞ்சு அடைப்பதில்லை. அது நல்லதா என்றும் தெரியவில்லை.

தீர்ப்பை அமலியிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். "இதுல அப்பா என்னிக்கு செத்தாருன்னு போடலையேம்மா" என்றாள். வக்கீலைக் கேட்டேன். இறந்ததாக எடுத்துக்கொள்ளத்தான் கோர்ட் சொல்லும், எந்தத் தேதி என்று சொல்லாது என்றார்.

பெருங்களத்தூர் கோயிலில் அவர் பெயரில் வருஷாந்திரப் பூசைக்கு எழுதிவைக்கப் போனோம். சாமியாரும் தேதிதான் கேட்டார். பஸ் கிளம்பிய தேதி தனசிங்குக்கே நினைவில்லை. கடைசிக் கடிதத்தின் தேதியைப் போடலாமா என்றேன். அன்றைக்கு உயிரோடுதானே எழுதியிருக்கிறார் என்றார் சாமியார். பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அமலிதான் சொன்னாள். "அத்தை கோர்ட்ல கையெழுத்துப் போட்டாங்களே, அந்தத் தேதியப் போடுங்க ஃபாதர்."

அதையே எழுதிக்கொண்டார். வருஷா வருஷம் ஏப்ரல் பதினாறு, காலை ஆறரைப் பூசை. நீங்கள் வருவதானால் கோவளத்தில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஜெயக்கொடி